முறை வைத்தால் கடைமடைக்கும் பாயும்

எங்கள் வாய்க்கால் குழுவின் தலைவர் ஒரு சித்திரை மாதம் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். மேட்டூர் திறக்க ஒன்றரை மாதம்கூட இல்லை. வாய்க்காலில் காட்டாமணக்கு ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. தூர்வார ஊரில் வசூலித்த பணம் வங்கியில் இருந்தது. அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாய் எடுக்க முடியாது. பொக்லைன் வைத்திருப்பவரின் எண் அவருடைய கைப்பேசியில். அதிகாரிகளுக்கு எழுதிய மனுக்களின் நகல்கள் அவர் வீட்டு பீரோவில். பீரோ சாவி எங்கே என்று அவரால் வாய் திறந்து சொல்ல முடியவில்லை. வீடு முழுக்கத் தேடிவிட்டு அவர் மனைவி எங்களிடம் சொன்னார்: “நீங்க வந்தா அவங்க கண்ணு கலங்குது தம்பி. ஊர் வேலை நின்னுபோச்சேன்னுதான் கலங்குது.”

அந்த ஆண்டு ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தார்கள். கல்லணைக்கு வந்து, ஆற்றில் இறங்கி, எங்கள் வாய்க்கால் தலைப்புக்கும் வந்தது. அங்கிருந்து நகரவில்லை. கடைசித் தெருவுக்கு நாற்று விடத் தண்ணீர் எட்டுவதற்கு இருபது நாள் ஆயிற்று. அந்த இருபது நாள் குறுவையில் என்னவெல்லாம் செய்யும் என்பதை டெல்டாக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவர் மீது எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. சொந்த வயலைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் வேலைக்கு ஓடியவர். குறை எங்கள் மீதுதான். ‘எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்’ என்று சொல்லிச் சொல்லி, பத்துப் பேர் தூக்க வேண்டிய சுமையை ஒருவர் தலையில் ஏற்றினோம். அதற்கு மரியாதை என்று பெயரும் வைத்துக்கொண்டோம். தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் இப்படி எத்தனை சிறு அமைப்புகள்! வாசகசாலை, ரத்ததானக் குழு, ஏரி மீட்புக் குழு, ஏழைப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு. ஒரு நல்ல மனிதர் தொடங்குகிறார், உயிரைக் கொடுத்து நடத்துகிறார், அவர் சாய்ந்ததும் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சுகிறது. இந்த மண்ணில் நல்லவர்களுக்குப் பஞ்சமில்லை. நல்லவர் போன பிறகும் வேலை நடப்பதற்கான ஏற்பாடுதான் இல்லை.

அந்த ஏற்பாடு நமக்குத் தெரியாததும் அல்ல, நம் பாசனத்திலேயே இருக்கிறது. ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் இடத்தில் வயல் வைத்திருப்பவருக்கு யாரும் தனி அதிகாரம் எழுதிக் கொடுப்பதில்லை, இடமே கொடுத்துவிடுகிறது. தண்ணீர் முதலில் அவர் வயலைத் தொட்டுவிட்டுத்தான் கீழே போக வேண்டும். அவர் மடையைத் திறந்தபடி தூங்கிவிட்டால் கீழே காய்ந்துபோகும். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு சங்கத்தில் செய்தியும் பணமும் இப்படியேதான் பாய்கின்றன. கடிதம் யார் வீட்டு முகவரிக்கு வருகிறதோ, வங்கிக் குறுஞ்செய்தி யார் கைப்பேசியில் ஒலிக்கிறதோ, அவர் தலைமடை. மற்றவர்கள் கடைமடை.

தண்ணீர் குறைந்த காலத்தில் நாம் என்ன செய்கிறோம்? முறை வைக்கிறோம். வெண்ணாற்றுக்குச் சில நாள், காவிரிக்குச் சில நாள், கல்லணைக் கால்வாய்க்குச் சில நாள். ஊருக்குள் வாய்க்காலுக்கு முறை, மடைக்கு முறை. முறை வைப்பதால் தண்ணீர் கூடுவதில்லை. கடைமடைக்காரருக்குத் தன் நாள் எது என்று தெரிகிறது, அன்று மண்வெட்டியோடு வந்து நிற்கிறார். ஒரு சிறு அமைப்பில் தலைமைக்கும் இப்படி முறை வைத்தாக வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

இதைச் சொன்னதும் பலரும் உத்திரமேரூர்க் குடவோலையை நினைவுபடுத்துவார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகளை மேடைதோறும் தேர்தலுக்குச் சான்றாகக் காட்டுகிறோம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு இரண்டு விதிகள். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வர முடியாது. இந்த இரண்டையும் இன்றைய எந்த ஊர்ச் சங்கத்திலாவது நடைமுறைப்படுத்தினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

நம் தஞ்சையிலேயே கரையீடு இருந்தது. ஊர் நிலம் மிராசுதார்களின் பொதுச்சொத்தாக இருந்த கிராமங்களில், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை யாருக்கு எந்த வயல் என்று மாற்றிக்கொள்வார்கள். நல்ல மண்ணும் தலைமடையும் ஒரே குடும்பத்தின் கையில் நிரந்தரமாகத் தங்காதிருக்க அது வழி செய்தது.

ஆனால் இந்தப் பெருமையோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. குடவோலையில் பெயர் எழுத, வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும் சொந்த மனையில் வீடும் வேத அறிவும் வேண்டும். கரையீட்டில் வயலை மாற்றிக்கொண்டவர்கள் பங்காளிகள். அந்த வயலில் இறங்கி நாற்று நட்டவர்களுக்குப் பங்கே கிடையாது. குடிமராமத்தும் அப்படித்தான். வாய்க்கால் வெட்ட ஊரே திரண்டது என்கிறோம். சேற்றில் நின்றவர் யார், கரையில் நின்று கை காட்டியவர் யார் என்று கேட்பதில்லை. 1858-ல் ஆங்கிலேய அரசு அந்த உழைப்பைக் கட்டாயமாக்கிச் சட்டமே போட்டது. பண்ணையாளுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் கொடுத்த மண் இது. 1952-ல்தான் தஞ்சைக் குத்தகைதாரருக்கும் பண்ணையாளுக்கும் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும், 1968 டிசம்பர் 25 இரவில், கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்தார்கள்.

ஆகவே ‘எல்லோரும் சமம்’ என்று ஒரு குழு சொல்லும்போது நான் முதலில் பார்ப்பது, அந்த எல்லோருக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதை. வெண்மணிக்குப் பிறகு இங்கே வந்து தங்கிய காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981-ல் ‘லாஃப்டி’ என்ற உழுபவர் நில விடுதலை இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலத்தைப் பேசி வாங்கி, நிலமற்ற ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்து கொடுத்தார்கள். நேற்றுவரை கரைக்குக் கீழே நின்றவர் பெயர் பத்திரத்தில் ஏறியது. முறைப்பட்டியலில் பெயர் ஏறுவதற்கு முன்னால் நடக்க வேண்டிய காரியம் அது.

ஒரு பொதுக் காரியம் ‘யார் பெரியவர்’ என்ற கேள்வியில் உடைந்து, பிறகு எப்படி ஒட்டியது என்று பார்க்கத் திருவையாற்றுக்குப் போனால் போதும். தியாகராஜர் 1847 ஜனவரி 6-ல் மறைந்தார். காவிரிக் கரையில் இருந்த சமாதி சிதிலமடைந்து கிடந்ததை, அரை நூற்றாண்டுக்குப் பிறகு சீடர் வழியினர் கண்டு சீர்செய்து ஆராதனையைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே அது இரண்டாகப் பிளந்தது. பெரிய கட்சி என்றும் சின்ன கட்சி என்றும் ஒரே மகானுக்குத் தனித்தனி ஆராதனை, தனித்தனி வசூல். இரண்டு கட்சிக்கும் ஒற்றுமை இருந்தது ஒரே விஷயத்தில்தான்: பெண்கள் அங்கே பாடக் கூடாது.

பெங்களூர் நாகரத்தினம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். தன் சொத்தைச் செலவழித்து அந்த இடத்தை வாங்கி, கோயில் எழுப்பி, 1926 ஜனவரியில் குடமுழுக்கு நடத்தினார். கட்டியவர் அவர், பாட மட்டும் இடமில்லை. அவர் வழக்காடிக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. சமாதிக்குப் பின்புறம் பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். ஊர் அதைப் பெண்கள் கட்சி என்றது. மூன்று கட்சிகளும் 1940-41-ல் ஒன்றாகின. தியாகப்ரம்ம மகோத்சவ சபா அமைந்தது, பெண்களும் பாடினார்கள்.

அந்த இணைப்புக்கு உருவம் கொடுத்தது கோஷ்டி கானம். யார் முதலில் பாடுவது, யாருக்கு எத்தனை நிமிடம் என்ற தகராறுக்கு இடமே வைக்காமல், எல்லோரும் சேர்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடுவது என்று முடிவாயிற்று. தை மாதக் காலையில், பகுள பஞ்சமியன்று, நான் பலமுறை அந்தப் பந்தலின் ஓரத்தில் நின்றிருக்கிறேன். முன்வரிசையில் பெரிய வித்வான்கள் இருப்பார்கள். ஒலிபெருக்கியும் அவர்கள் முன்னால்தான். ஆனால் நாட்டை தொடங்கிய சிறிது நேரத்தில் யார் குரல் எது என்று பிரிக்க முடியாது. என் பக்கத்தில் ஒரு முறை, பத்து வயதுகூட இருக்காது, ஒரு பெண் குழந்தை தொடையில் தாளம் போட்டபடி ஒரு ஸ்வரமும் பிசகாமல் பாடிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கையசைத்து நடத்தவில்லை. அவளுக்குப் பாட்டுத் தெரியும், அவ்வளவுதான்.

அங்கே நின்றபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. அத்தனை பேர் ஒருவரை ஒருவர் இடிக்காமல் பாட முடிவது, ஐந்து பாட்டும் எல்லோருக்கும் பாடமாகி இருப்பதால். பாட்டுத் தெரியாத ஆயிரம் பேரை உட்கார வைத்து ‘இங்கே தலைவர் கிடையாது, பாடுங்கள்’ என்றால் கூச்சல்தான் எழும். ஓர் அமைப்புக்கு அந்தப் பாட்டு எது? கணக்கு. தீர்மானப் புத்தகம். யார் எதற்குப் பொறுப்பு, எத்தனை நாளைக்கு என்ற விவரம். இவை கடைசி உறுப்பினர்வரை பாடமாகி இருந்தால் தலைவர் ஒரு மாதம் இல்லாவிட்டாலும் தாளம் தப்பாது.

இதைப் புரிந்துகொள்வதற்கு முன்னால் நாங்கள் ஒரு பெரிய தவறு செய்தோம். தலைவர் படுத்த ஆண்டு, சூடுபட்ட வேகத்தில் ‘இனி நமக்குத் தலைவரே வேண்டாம், எல்லோரும் தலைவர்’ என்று தீர்மானம் போட்டோம். கைதட்டல் பலமாக இருந்தது. எட்டு மாதம் ஒரு வேலையும் நடக்கவில்லை. எல்லோருக்கும் பொறுப்பு என்றால் பொக்லைன்காரருக்கு யார் போன் செய்வது? மெல்ல மெல்ல ஒருவர் எல்லாவற்றையும் செய்யத் தொடங்கினார்: மனு எழுதத் தெரிந்தவர், மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர், அதிகாரி முன்னால் நாற்காலியில் உட்காரக் கூச்சப்படாதவர். அது நான். என்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே என்னை நீக்கவும் யாருக்கும் வழி இல்லை. பழைய தலைவரிடமாவது ஊர் கணக்குக் கேட்க முடிந்தது.

அமெரிக்கப் பெண்ணிய இயக்கத்தைச் சேர்ந்த ஜோ ஃப்ரீமன் 1970-களின் தொடக்கத்திலேயே இந்த ஆபத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அமைப்பு விதிகளே வேண்டாம் என்று ஒதுக்கும் குழுக்களில் தலைமை ஒழிவதில்லை, மறைந்துகொள்கிறது என்பது அவர் வாதம். நட்பு, படிப்பு, ஓய்வு நேரம் யாருக்கு அதிகமோ அவர்கள் கைக்கு அதிகாரம் சத்தமில்லாமல் போய்விடும். நம் ஊரில் இந்தப் பட்டியலில் சாதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எங்களுக்கு வழிகாட்டியது எங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழு. 1989-ல் தர்மபுரியில் தொடங்கி மாநிலம் முழுதும் பரவிய இந்தக் குழுக்களில் 12 முதல் 20 பேர் இருப்பார்கள். ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர். எங்கள் தெருக் குழுவில் பணப்பெட்டி ஒருத்தி வீட்டில், சாவி இன்னொருத்தி வீட்டில், கணக்குப் புத்தகம் மூன்றாமவர் வீட்டில். ஊக்குநரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். சந்தேகத்தினாலா இப்படி என்று கேட்டேன். “சந்தேகமெல்லாம் இல்ல. ஒருத்திகிட்டயே இருந்தா, நாளைக்கு அவளுக்குக் கெட்ட பேரு வந்துடும்ல” என்றார் ஒரு அம்மா. பொறுப்பைப் பகிர்வது பொறுப்பில் இருப்பவரின் மானத்தையும் காக்கும் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

அதன் பிறகு நாங்கள் பெயர்களை வரிசையாக எழுதினோம், கடைமடையிலிருந்து மேல் நோக்கி. மாதம் ஒருவர் கூட்டத்தை நடத்துவார். காசோலையில் மூவர் கையெழுத்துக்குப் பதிவு. எந்த இருவர் போட்டாலும் செல்லும், மூவரும் ஒரே தெருவாக இருக்கக் கூடாது. கணக்கைப் பால் சங்கத்துச் சுவரில் ஒட்டுவதோடு கூட்டத்தில் வாய்விட்டுப் படிக்கவும் வேண்டும், படிக்கத் தெரியாதவர்களும் உறுப்பினர்கள் என்பதால். கூட்டம் நடக்கும் இடத்துக்காகத்தான் கடுமையாகச் சண்டை வந்தது. கோயில் மண்டபத்தில் கூடுவது வழக்கம். காலனியிலிருந்து வருபவர்கள் படிக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் அவர்களை மேலே வராதே என்று சொன்னதில்லை, வா என்றும் சொன்னதில்லை. மூன்று கூட்டம் வாக்குவாதம் நடந்து, கடைசியில் மதகடிப் புளியமரத்துக்குக் கீழே மாற்றினோம். அங்கே படி கிடையாது. மண்டபத்தில் தலைகாட்டிக்கொண்டிருந்த இருவர் அதோடு வருவதை நிறுத்திவிட்டார்கள். அது இழப்புதான். அந்த இழப்பைத் தாங்கிக்கொண்டோம்.

முதல் முறை, கடைமடைத் தெருவில் நடவு வேலைக்குப் போகும் அறுபது வயது அம்மாவுக்கு. கூட்டம் நடத்த மாட்டேன் என்று இரண்டு நாள் மறுத்தார். அன்று மாலை வந்து, தீர்மானப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, நான் வழக்கம்போல் முன்னுரை பேசத் தொடங்கியதும் கையை உயர்த்தினார். “பேச்சு அப்புறம் இருக்கட்டும் தம்பி. மொதல்ல கணக்கப் படிங்க.” படித்தேன். டீசல் செலவில் நின்று, “அன்னிக்கு மத்தியானமே மிசினு போயிடுச்சே, முழு நாளுக்கா போட்டிருக்கீங்க?” என்று கேட்டார். அன்று வாய்க்காலை ஒட்டிய வயலில்தான் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். ரசீதை எடுத்துப் பார்த்தோம். அவர் சொன்னது சரி. பொக்லைன்காரர் மறுவாரமே அரை நாள் வேலையைச் செய்து கொடுத்துவிட்டார். இத்தனை ஆண்டுகளில் எங்களில் ஒருவர்கூட அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

இப்படி முறை வைத்தால் வேலை மெதுவாகும் என்கிறார்கள். உண்மை, ஆகிறது. ஆனால் அவசரத்துக்கு ஒரு தலைவர் வேண்டாமா என்ற கேள்விக்கு மட்டும் நான் மறுப்புச் சொல்வேன். ஐப்பசி மழையில் இரவு கரை உடைப்பு எடுக்கும்போது யார் தலைமை? முதலில் பார்த்தவர் சத்தம் போடுவார், சாக்கு வைத்திருப்பவர் கொண்டு வருவார், உடைப்புக் கட்டிப் பழகிய கிழவர் சொல்வதை அன்று எல்லோரும் கேட்பார்கள், விடிந்ததும் அவர் தன் வயலுக்குப் போய்விடுவார். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்து ஓய்ந்த பிறகு, விழுந்த தென்னைகளுக்கு நடுவே வழி உண்டாக்கி வீடு வீடாகச் சோறு கொண்டு போன பிள்ளைகளுக்கு யார் தலைவர்? அவசரம் ஒருவர் கையில் ஓர் இரவுக்கு அதிகாரத்தைக் கொடுக்கும். விடிந்த பிறகும் அது அவர் கையிலேயே தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் முறை வேண்டியிருக்கிறது.

அந்தப் புயலுக்கு மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 6-ல், நெல் ஜெயராமன் மறைந்தார். இயற்கை வேளாண்மையாளர் நம்மாழ்வார் வழியில் வந்து, 150-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடி மீட்டவர். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்திவந்தார். அவர் வைத்த விதி மிக எளியது: இரண்டு கிலோ விதைநெல் வாங்கிப் போகிறவர், அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். காட்டுயானமும் மாப்பிள்ளைச் சம்பாவும் குழியடிச்சானும் அவர் களஞ்சியத்தில் மட்டும் இருந்திருந்தால், அவரோடு என்ன ஆகியிருக்குமோ. அவை ஆயிரக்கணக்கான வயல்களில் இருந்தன. அடுத்த ஆண்டும் திருவிழா நடந்தது. பெயர் பெற்ற ஒரு தலைவர் இருப்பது தவறே இல்லை. தன்னிடம் இருப்பதை அவர் எத்தனை கைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவைத்தார் என்பதுதான் கேள்வி.

சட்டமும் இதற்குத் தடையாக நிற்கவில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 கேட்பது ஒரு குழுவை. குறைந்தது மூன்று பேர், பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேல் போகக் கூடாது. அறக்கட்டளையாகப் பதிந்தவர்கள்தான் ‘நிர்வாக அறங்காவலர், ஆயுள்காலம் முழுவதும்’ என்று பத்திரத்தில் எழுதிக் கொள்கிறார்கள். அந்த வரியை எழுதும்போது நல்லெண்ணம்தான் இருக்கும். பத்தாண்டு கழித்து அதே வரி அமைப்பின் கழுத்தைப் பிடிக்கும். புதிதாகப் பதியப் போகிறவர்கள் அதை எழுதாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். நன்கொடை தருபவர்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ‘தலைவரைக் கூட்டிவாருங்கள்’ என்று சொல்லாதீர்கள். எங்கள் முறைப்படி இந்த மாதம் வருபவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் வாசலில் நிற்கலாம். அவருக்கு நாற்காலி போடுங்கள், அவர் சொல்வதைக் கேளுங்கள், பின்னால் நிற்கும் சட்டைக்காரரைப் பார்த்துப் பேசாதீர்கள்.

பழைய தலைவர் இப்போது சக்கர நாற்காலியில் மதகடிக்கு வருகிறார். பேச்சுக் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. பட்டியலில் அவர் பெயரும் உண்டு. கார்த்திகையில் அவர் முறை. அதற்கு முந்தைய மாதம், சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணுடையது. நடவு முடிந்து ஆட்கள் கரையேற வேண்டும் என்பதால் கூட்டத்தை ஐந்து மணியிலிருந்து ஆறரைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறாள். மரத்தடியில் விளக்கு இல்லையே என்றோம். வீட்டிலிருந்து தான் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள்.